ஐந்து கையெழுத்துகள்: புதுச்சேரி கொடுத்த அடைக்கலம்

பாரதியார் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அது பிரெஞ்சுக்காரன் ஊர், ஆங்கிலேயன் உள்ளே வந்து பிடிக்க முடியாது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். தோண்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமா இல்லை.

1908இல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. காகிதத்தில் பொறுப்பாளராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். நிஜத்தில் எழுதிக்கொண்டிருந்த பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் பின்னாலேயே போனது. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள்.

ஆளைத் தொட முடியாத ஆங்கில அரசு, பத்திரிகை எல்லை தாண்டுவதைத் தடுத்தது. வாசகர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் பகுதியில்தானே இருந்தார்கள்? 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றுபோனது. ஆக, அடைக்கலம் உடம்புக்குக் கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அவர் புதுச்சேரி வந்து போனவர். அதற்கப்புறம் ஊர் முழுக்க உளவாளிகள், பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் நெருக்கடி. வெளியூர்க்காரர்கள் தங்கணும்னா ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் நன்னடத்தைக்கு உறுதி தரணும் என்று ஒரு விதி வந்தது. கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும்.

போலீஸ் கண் வைத்திருக்கும் ஆட்களுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆனால் ஐந்து பேர் போட்டார்கள்! முன்நின்றவர் சங்கரச் செட்டியார். அரவிந்தர் வந்த புதிதில் தங்க இடம் கொடுத்தவரும் அவரே.

பிறகு முதல் உலகப் போர். பிரான்சும் பிரிட்டனும் ஒரே அணி. இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. அப்போதும் இவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

1918 நவம்பர் 20 அன்று பாரதி தானாகவே எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே உடனே கைது. பத்து வருஷம் ஆகியும் எதிர்த்தரப்பு மறக்கவில்லை.

அடைக்கலம் கொடுத்தது பிரான்ஸ் என்றுதான் சொல்கிறோம். பிரான்ஸ் கொடுத்தது ஒரு எல்லைக்கோடும் சில விதிகளும். அந்த விதியே கழுத்தை நெரிக்க வந்தபோது காப்பாற்றியது, அரசியலில் பெயர் வாங்காத ஐந்து உள்ளூர்க்காரர்களின் கையெழுத்து. அடுத்த முறை புதுச்சேரி போனால் கடற்கரையோடு திரும்பாமல், அந்தப் பழைய தெருக்களையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாங்க.