அரிக்கமேட்டிற்கு வந்த உரோமானிய மண்விளக்கு



கார்த்திகைத் திருநாள் நெருங்கினால் பினாங்கு லிட்டில் இந்தியாக் கடைகளில் அகல் விளக்குகள் குவிந்துவிடும். அவற்றுள் ஒன்றை வகுப்பிற்குக் கொண்டு செல்வது என் வழக்கம். உரோமானியர் வரலாற்றைத் தொடங்க அதைவிட நல்ல பயிற்றுத் துணைப்பொருள் வேண்டியதில்லை.

நம் அகல் வாய் திறந்தது. உரோமானியர் விளக்கோ மூடியது. மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனி அச்சுகளில் களிமண்ணை அழுத்தியெடுத்து, இரண்டையும் ஒட்டிச் சூளையில் சுட்டனர். நடுவில் எண்ணெய் ஊற்றத் துளை. முன்னே திரிக்கு ஒரு மூக்கு. பலவற்றில் பிடிப்பதற்குக் காதும் உண்டு. மேல்வட்டில் தெய்வங்கள், வாள்வீரர்கள், கப்பல்கள். இத்தாலியில் 'ஃபோர்டிஸ்' என்று பெயர் பொறித்த விளக்குகள் புகழ்பெற்றதும், பிற மாநிலங்களிலும் அதே பெயரைப் பொறித்துச் செய்யத் தொடங்கினர். போலிச் சரக்கு நம் காலத்துப் புதுமையன்று!

வீடு, கடை, சுரங்கம் எங்கும் இவ்விளக்குதான். கோயிலில் காணிக்கையாக வைத்தனர், இறந்தவரோடு புதைத்தனர், புத்தாண்டு வாழ்த்துப் பொறித்துப் பரிசளித்தனர். எரித்தது பெரும்பாலும் ஒலிவ எண்ணெய். உணவிற்கும் அதே எண்ணெய்தான். ஏழை வீட்டில் விளக்கு நெடுநேரம் எரிந்தால் உணவிற்குரிய எண்ணெய் குறையும்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய அத்துறைமுகத்தில் கிடைத்த பொருள்களுள் உரோமானிய மண்விளக்கின் உடைந்த பகுதியும் ஒன்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அங்கு மீண்டும் அகழாய்வு செய்தனர். அரிக்கமேட்டு ஓடுகளுள் மதுச்சாடிகளோடு ஒலிவ எண்ணெய்ச் சாடிகளும் அடையாளம் காணப்பட்டுள்ளன.

உரோமானிய வணிகம் என்றாலே நாம் பொற்காசைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு விளக்கே பெரிதாகப் படுகிறது. காசு கைமாறிக் கைமாறி வரும், உரியவர் வரவேண்டியதில்லை. ஆனால், அகல் வனையும் குயவர் நிறைந்த நாட்டில் விற்பதற்கென்று மலிவான மண்விளக்கை யார் கடல் கடந்து சுமந்து வருவார்? தம் பயன்பாட்டிற்கே கொண்டு வந்திருப்பர் என்பது என் கருத்து. காற்றின் திசை மாறும்வரை கப்பல் திரும்ப இயலாது. அம்மாதங்களில் தன் ஊர் எண்ணெயைத் தன் ஊர் விளக்கில் ஊற்றி எரித்தவன் ஒருவன் அங்கே இருந்திருக்கிறான்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது மூட்டையில் எதை வைத்திருந்தனர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொன்னேன். ஒரு மாணவி 'காமாட்சி விளக்கு' என்று எழுதிவந்தாள்.

நமக்குச் சற்று அருகிலும் ஒரு விளக்கு உண்டு. தாய்லாந்தின் போங் தூக்கில் 1920களில் கிடைத்தது. அது வெண்கலத்தால் ஆனது, காலத்தாலும் பிந்தியது. பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. பள்ளி விடுமுறையில் அங்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.