கெட்டிஸ்பர்க் போர்க்களம் நினைவுப் பூங்காவான வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சிறிய ஊர் கெட்டிஸ்பர்க். 1863ஆம் ஆண்டு சூலை 1 முதல் 3 வரை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை இவ்வூரைச் சுற்றியுள்ள வயல்களிலும் குன்றுகளிலும் நடைபெற்றது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் படைக்கு ராபர்ட் லீயும், வடக்குப் படைக்கு ஜார்ஜ் மீடும் தலைமை தாங்கினர். மூன்று நாள்களில் இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள், காயமுற்றவர்கள், காணாமற்போனவர்கள் ஏறத்தாழ 51,000 பேர். லீயின் படை தோற்றுத் தெற்கே திரும்பியது.

சண்டை நடந்த நிலம் இன்று சுமார் 6,000 ஏக்கர் பரப்புள்ள தேசியப் பூங்கா. நினைவுச்சின்னங்கள், குறிப்புப் பலகைகள், பீரங்கிகள் நிறைந்த அமைதியான இடம். ஆனால் அது பூங்காவான கதையில் அமைதி குறைவு. எந்த இடத்தை, யாருடைய நினைவாக, எந்தக் காலத்துத் தோற்றத்தில் காப்பது என்று நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கு வழக்கும் வாதமும் நடந்து வந்துள்ளன.

கல்லறைத் தோட்டம்

அன்று கெட்டிஸ்பர்க்கின் மக்கள்தொகை சுமார் 2,400 மட்டுமே. படைகள் நகர்ந்தபின் ஆயிரக்கணக்கான பிணங்களும், இறந்த குதிரைகளும், காயமுற்ற வீரர்களும் அந்த மக்களின் பொறுப்பில் விடப்பட்டனர். அவசரமாகத் தோண்டிய பள்ளங்களில் உடல்கள் அரைகுறையாகப் புதைக்கப்பட்டிருந்தன. மழை பெய்தபோது மண் கரைந்து அவை வெளியே தெரிந்தன. இந்நிலையில் உள்ளூர் வழக்கறிஞர் டேவிட் வில்ஸ், மாநில ஆளுநரின் ஒப்புதலுடன் 17 ஏக்கர் நிலம் வாங்கினார். அங்கே வடக்குப் படை வீரர்களுக்கான கல்லறைத் தோட்டம் அமைந்தது. அதை வடிவமைத்த வில்லியம் சாண்டர்ஸ், தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடு இல்லாமல் கல்லறைகளை அரைவட்ட வரிசைகளில் அமைத்தார். 1863 நவம்பர் 19 அன்று அதன் அர்ப்பணிப்பு விழாவில் ஆபிரகாம் லிங்கன் இரண்டு மூன்று நிமிடங்கள் பேசிய உரை, உலகெங்கும் பள்ளிப் பாடமானது. அவருக்கு முன் இரண்டு மணி நேரம் பேசிய எட்வர்ட் எவரெட்டின் உரையை இன்று யாரும் பாடமாக வைப்பதில்லை.

பள்ளங்களைத் தோண்டி உடல்களை எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த பணி பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்களுடையது. அவர்களை வழிநடத்தியவர் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயி. மாதக்கணக்கில் நடந்த இந்தக் கடும் உழைப்பு, விழா உரைகளில் இடம்பெறவில்லை.

தெற்குப் படையினரின் உடல்கள் வயல்களிலேயே கிடந்தன. 1871 முதல் 1873 வரை, தென் மாநிலப் பெண்கள் சங்கங்களின் வேண்டுகோளின்படி ரூஃபஸ் வீவர் என்ற மருத்துவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டியெடுத்து, பெட்டிகளில் அடைத்துத் தெற்கே அனுப்பினார். பெரும்பாலானவை ரிச்மண்ட் நகருக்குச் சென்றன. அவருக்குச் சேர வேண்டிய பணம் கடைசிவரை முழுமையாகக் கிடைக்கவில்லை.

யார் எங்கே நின்றார்கள்?

கல்லறைத் தோட்டம் மட்டும் போதாது, சண்டை நடந்த குன்றுகளையும் காக்க வேண்டும் என்று முதலில் எண்ணியவர் டேவிட் மெக்கானகி என்ற மற்றொரு வழக்கறிஞர். போர் முடிந்த அடுத்த மாதமே முக்கியக் குன்றுப் பகுதிகளை அவர் வாங்கத் தொடங்கினார். 1864 ஏப்ரலில் கெட்டிஸ்பர்க் போர்க்கள நினைவுச் சங்கம் சட்டப்படி உருவானது. உள்நாட்டுப் போர் அப்போது இன்னும் முடியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1880களில் போர் வீரர்கள் முதுமையை நெருங்கினர். ஒவ்வொரு படைப்பிரிவும் தன் பெயரில் கல் நாட்ட விரும்பியது. போர் அணிவகுப்பில் நின்ற இடத்தில்தான் சின்னம் அமைய வேண்டும் என்று சங்கம் விதி வகுத்தது. கேட்பதற்கு நேர்மையான விதிதான். ஆனால் பின்வரிசையில் நிறுத்தப்பட்டு, முன்னேறிச் சென்று போரிட்டவர்களுக்கு எந்த இடம்? 72ஆவது பென்சில்வேனியப் படைப்பிரிவினர் இக்கேள்வியை நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றனர். மூன்றாம் நாள் தெற்குப் படை மோதிய கற்சுவர் அருகே தாங்கள் போரிட்டதாக அவர்கள் கூறினர். அவர்களின் அணி பின்னால்தான் இருந்தது என்றது சங்கம். முதிய வீரர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். 1891இல் மாநில உச்ச நீதிமன்றம் வீரர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிக் கட்டையை ஓங்கி நிற்கும் சிப்பாயின் சிலை சுவருக்கு அருகிலேயே எழுந்தது. சில நூறு அடி தூரத்துக்கு இத்தனை வழக்கா என்று தோன்றலாம். சுவரருகே தோழர்களை இழந்தவர்களுக்கு அந்தத் தூரம் சிறியதாக இருந்திருக்காது.

மின்தொடர் வண்டி வழக்கு

1893இல் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு நிறுவனம் போர்க்களத்தின் ஊடே மின்தொடர் வண்டிப் பாதை அமைத்தது. டெவில்ஸ் டென் என்னும் பாறைப் பகுதியில் வெடி வைத்துப் பாறைகள் உடைக்கப்பட்டன. முன்னாள் வீரர்கள் கொதித்தெழுந்தனர். அந்த நிலத்தைக் கையகப்படுத்த அரசு வழக்குத் தொடுத்தது. பழைய சண்டையை நினைவுகூர்வது பொதுப் பயன்பாடு ஆகுமா, அதற்காகத் தனியார் நிலத்தை எடுக்கலாமா என்பதே கேள்வி. கீழ் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1895 பிப்ரவரியில் கெட்டிஸ்பர்க்கை தேசிய இராணுவப் பூங்காவாக்கும் சட்டம் நிறைவேறியது. 1896 சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய நினைவிடம் பொதுப் பயன்பாடே என்று ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கியது. வரலாற்று இடங்களைக் காக்கும் சட்டங்களுக்கு அந்நாட்டில் அடித்தளமாக அமைந்த தீர்ப்பு இது.

அதன் வலிமை பின்னரும் தெரிந்தது. 1974இல் கல்லறைத் தோட்டத்துக்கு அருகே, தனியார் நிலத்தில், 300 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு காட்சிக் கோபுரம் கட்டப்பட்டது. களத்தின் எந்த மூலையில் நின்றாலும் அது கண்ணில் பட்டது. தடுக்க முயன்ற மாநில அரசு நீதிமன்றத்தில் தோற்றது. முடிவில் மத்திய அரசு நிலத்தைக் கையகப்படுத்தி, 2000ஆம் ஆண்டு சூலை 3 அன்று, போரின் நினைவு நாளிலேயே கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தது.

அதே ஆண்டுகளில் பூங்கா நிர்வாகம் 1863இல் இருந்த தோற்றத்தை மீட்கத் தொடங்கியது. பின்னாளில் வளர்ந்த காடுகள் வெட்டப்பட்டன, பழத்தோட்டங்கள் மீண்டும் நடப்பட்டன, மரவேலிகள் எழுந்தன. மரம் வெட்டுவதைப் பாதுகாப்பு என்பது விந்தையாகப் படலாம். ஆனால் ஒரு தளபதிக்கு எது தெரிந்தது, எது மறைந்திருந்தது என்பது அந்த நிலத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். காடு மூடிவிட்டால் அந்தப் பாடமும் மூடிவிடும்.

சொல்லாமல் விட்டவை

1913இல் போரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூடினர். ஒரு காலத்தில் சுட்டுக்கொண்டவர்கள் கற்சுவரின் இரு பக்கமும் நின்று கைகுலுக்கினர். 1938இல், தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள் கூடியபோது, அணையா விளக்குடன் கூடிய அமைதிச் சின்னத்தை அதிபர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். இவை மனதைத் தொடும் காட்சிகள்தாம். ஆனால் இரு தரப்பின் வீரத்தையும் சமமாகப் பாராட்டிய அந்த விழாக்களில், போர் எதற்காக நடந்தது என்ற பேச்சு ஒதுங்கிப்போனது. அடிமை முறையே போரின் மூல காரணம் என்பதைப் போர்க்களப் பூங்காக்கள் விளக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அறிவுறுத்த இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2008இல் திறந்த புதிய அருங்காட்சியகத்தில் அந்த விளக்கம் இடம்பெற்றது.

ஆயினும் அதற்கான சான்று களத்திலேயே எப்போதும் நின்றிருந்தது. வடக்குப் படையின் நடு அணி நின்ற மேட்டில் ஒரு சிறிய வெள்ளை வீடு உள்ளது. அதன் உரிமையாளர் ஆபிரகாம் பிரையன், அடிமைத்தளை இல்லாத கறுப்பின விவசாயி. தெற்குப் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே கொண்டு சென்றது. அதனால் பிரையன் குடும்பத்துடன் ஊரைவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது வீடு குண்டுகளால் துளைக்கப்பட்டு, பயிர் அழிந்து, வேலிகள் காணாமற்போயிருந்தன. ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டார். 15 டாலர் கிடைத்தது.

கறுப்பின மக்கள் 1867இல் தங்களுக்கென லிங்கன் கல்லறைத் தோட்டத்தை ஏற்படுத்தினர். வடக்குப் படையில் பணியாற்றிய கறுப்பின வீரர்கள் பலர் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, இங்கேதான் புதைக்கப்பட்டனர். பிரையனின் கல்லறை இங்கு இருக்கிறது. போரில் இறந்தவர்களைத் தேசியத் தோட்டத்தில் கொண்டு சேர்த்த பேசில் பிக்ஸின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது.