ஜிலேபி மீன் நம் குளத்துக்கு வந்த கதை

சின்ன வயதில், கோடையில் எங்கள் ஊர்க் குளம் வற்றியதும் மீன் பிடிக்க இறங்குவோம். பாதிக்கு மேல் ஜிலேபிதான் கிடைக்கும். ஒரு தடவை ஆச்சி மீன் கழுவும்போது ஒன்றின் வாயிலிருந்து மஞ்சள் முட்டைகள் கொட்டின. "முட்டையைத் தின்னிருக்கு ஆச்சி" என்றேன். "திங்கல்ல மக்கா, காக்குது" என்றாள்.

இந்த மீனின் வரலாறே அந்த வாய்க்குள்தான் இருக்கிறது நண்பர்களே!

இதன் பிறப்பிடம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலேப்பியா என்பது பெயர். அதுதான் நம் வாயில் ஜிலேபி ஆகிவிட்டது. 1930-களின் இறுதியில் ஜாவா தீவில் தென்பட்டது. எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவி, 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நாம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956-இல். மீன் நம்மை முந்திக்கொண்டது!

ஏன் கொண்டுவந்தார்கள்? கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடாது. அதற்கு மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். ஊசி போட்டு அவற்றை முட்டையிட வைக்கும் முறையை ஹிராலால் சௌதுரி கண்டது 1957-இல்தான். அதுவரை குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்ப வேண்டும். ஜிலேபிக்கு அந்தக் கவலையே இல்லை. ஆண் மீன் தரையில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். பொரிந்த பிறகும் குஞ்சுகள் சில நாள் வாய்க்குள்தான். வெளியே விட்ட பின்னும் ஆபத்து என்றால் திரும்ப உள்ளே ஓடிவிடும். அத்தனை நாளும் தாய் அநேகமாகப் பட்டினி.

மற்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் இட்டுப் பெரும்பாலானதை இழக்கும். இது சில நூறுதான் இடும், ஆனால் இழப்பு குறைவு. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தயார், வருடத்துக்குப் பலமுறை. விளைவு? குளம் நிறைந்தது, தீனி போதவில்லை, மீன் உள்ளங்கை அளவிலேயே நின்றது. நாட்டு மீன்களுக்கு இடமும் இரையும் குறைந்தன. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை போட்டது. ஏழே வருடம்! ஆனால் குளத்துக்குள் போனதை யார் திருப்பி எடுப்பது? உப்புத்தண்ணீரையும் தாங்கும் மீன் என்பதால் காயலும் அதற்குத் தடையில்லை.

இப்போது உரிமம் பெற்று வளர்க்கும் கிஃப்ட் திலேப்பியா வேறு இனம், நைல் திலேப்பியா. அதில் ஆண் குஞ்சுகளை மட்டுமே வளர்க்கிறார்கள். காரணம் அதே பழைய பயம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் உள்ள இந்த மீன், சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் நைல் திலேப்பியாவோடு கலந்து தன் இனத்தையே இழந்துவருகிறது. அங்கே அதுவும் ஒரு நாட்டு மீன்தானே.

எந்தக் குணத்துக்காக அழைத்து வந்தோமோ, அதே குணத்துக்காகத்தான் திட்டுகிறோம். ஆச்சி சொன்னதுபோல அது தன் குஞ்சைக் காத்தது, அவ்வளவுதான். நம் குளத்தைக் காத்திருக்க வேண்டியது நாம்தான்.

உங்கள் ஊரில் இந்த மீனுக்கு என்ன பெயர்? சொல்லுங்களேன்.