தாழ்மை என்னும் அறம்

உரோமர் ஆண்ட நாடுகளில் விருந்தினரின் கால்களைக் கழுவுதல் அடிமைகளின் வேலை. வீட்டுத் தலைவர் குனிந்து பிறர் காலைத் தொடுதல் எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல். ஆகவேதான், இறுதி இரவுணவின்போது இயேசு துண்டை இடையில் கட்டிக்கொண்டு சீடர்தம் பாதங்களைக் கழுவினார் என யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுமிடத்தில், பேதுரு பதறித் தடுக்கின்றார். அப்பதற்றம் புரிந்தால் தாழ்மையின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

பண்டைக் கிரேக்கர் தாழ்மையை அறமாகக் கொண்டாரல்லர். கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில் போற்றியது பெருமித உள்ளத்தினரை. அதாவது, பெருஞ்சிறப்புக்குத் தகுதி பெற்று, அத்தகுதி தமக்குண்டென அறிந்தும் இருப்பவரை. தம் தகுதியைக் குறைத்து மதிப்போரைச் சிறுமை உள்ளத்தினர் என்றே அவர் ஒதுக்கினார். இலத்தீன் மொழியிலும் ‘ஹூமிலிஸ்’ என்றால் தரையோடு கிடப்பது, இழிந்தது என்றே பொருள். அவ்விழிசொல்லைக் கிறித்துவர் உயர்சொல்லாக்கினர். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கு நூல், தன் 7ஆம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளை அமைத்துத் தருகின்றது. இறங்க இறங்க ஏறும் விந்தையான ஏணி அது!

அரசரும் இவ்வறத்திற்கு விலக்காகவில்லை. இங்கிலாந்து மன்னர்கள் பெரிய வியாழனன்று ஏழையரின் கால்களைக் கழுவும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு வரை நிலவியது. பின்னர் அது காசு வழங்கும் சடங்காகச் சுருங்கியது. மன்னரின் அகவை எத்தனையோ, அத்தனை ஆடவர்க்கும் அத்தனை பெண்டிர்க்கும் இன்றும் அக்காசு வழங்கப்படுகின்றது. ஆண்டில் ஒருநாள் முழந்தாளிட்டவர் ஏனைய நாள்களிலும் பணிவோடு ஆண்டார் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் அந்த ஒருநாளேனும் குனிய வேண்டியவர் பெரியவரே என்பதை அவ்வழக்கம் மறக்கவில்லை.

சமயச் சார்பற்ற சிந்தனை வளர்ந்த 18ஆம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. 1751இல் டேவிட் ஹியூம், நோன்பு, தனிமை, தன்மறுப்பு ஆகியவற்றோடு தாழ்மையையும் சேர்த்து, அவை துறவி மடத்து அறங்கள். செல்வத்தையோ சமுதாயப் பயனையோ தாரா. ஆகவே அவற்றைக் குற்றங்களின் வரிசையில் வைப்பதே தகும் என்றார். அறத்தைப் பயன் கொண்டு அளக்கும் கோல் அது. அக்கோலை ஏந்தியவருள் பெஞ்சமின் பிராங்கிளின் சுவையானவர். தமக்கென அவர் முதலில் எழுதிவைத்த அறங்கள் பன்னிரண்டே. ‘உம்மைச் செருக்குடையவர் என்றே பலரும் கருதுகின்றனர்’ எனக் குவேக்கர் நண்பர் ஒருவர் எடுத்துரைத்த பின்னரே தாழ்மை 13ஆவதாகச் சேர்ந்தது. (திருக்குறளிலும் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம், பிராங்கிளின் அறியாத ஒற்றுமை இது.) அதுமுதல் ‘உறுதியாக’, ‘ஐயமின்றி’ போன்ற சொற்களை விலக்கி, ‘எனக்குத் தோன்றுகிறது’ எனப் பேசப் பழகினார். அவையில் அவர் சொல் எடுபட்டது. எனினும், தாம் பெற்றது தாழ்மையின் தோற்றமே என்றும், செருக்கை வென்றாலும் அவ்வெற்றி குறித்தே செருக்கடைய நேரும் என்றும் ஒப்புக்கொண்டார். இந்நேர்மை ஹியூமிடம் காணாதது.

தாழ்மையை ஐயுற்றவர் மீது முழுப்பழி சுமத்துவது முறையன்று. அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் வேதாகமத்தைக் காட்டி அடிமைகளுக்குப் பணிவைப் போதித்தனர். மேலிருப்போர் ஏற்க வேண்டிய அறத்தைக் கீழிருப்போர் மீது ஏற்றிய கொடுமை அது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அம்முதலாளிகளின் சமயம் வேறு, கிறித்துவின் சமயம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். காலைக் கழுவியவர் யார் என்பதை அவர் சரியாக நினைவில் வைத்திருந்தார்.

20ஆம் நூற்றாண்டில் தாழ்மையின் இடத்தைத் தன்மதிப்பு பிடித்துக்கொண்டது. 1986இல் கலிபோர்னியா மாநிலம் அதனை வளர்க்கத் தனிக்குழுவே அமைத்தது. பள்ளித் தோல்வி முதலிய கேடுகளுக்கு அதுவே மருந்தென நம்பப்பட்டது. 2003இல் ராய் பாமைஸ்டர் முதலிய உளவியலார் ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, தன்மதிப்பை உயர்த்துவதால் மாணவரின் தேர்ச்சி உயரும் என்பதற்குத் தக்க சான்றில்லை என்றனர். இழிவுற்ற பிள்ளைக்குத் தன்மதிப்பு தேவை என்பதை அம்முடிவு மறுக்கவில்லை.

2013 மார்ச்சு மாதம் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரான்சிசு, அம்மாதம் 28ஆம் நாள், பெரிய வியாழனன்று, உரோம் நகரின் இளையோர் சிறைக்குச் சென்றார். கைதிகள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இசுலாமியரும் இருந்தனர்.