உலகளந்த கோலும் வானத்துச் செய்மதியும்

தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆட்சி செய்த காலத்தில், கி. பி. 1001 ஆம் ஆண்டளவில், சோழநாட்டு நிலம் முறையாக அளக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கோல் ‘உலகளந்த கோல்’ எனப் பெயர் பெற்றது. அப்பெயரில் மிகையுண்டாயினும் பொருளுமுண்டு. நிலத்தின் அளவு தெரிந்தால் இறை இவ்வளவு என்பது தெரியும். இறை தெரிந்தால் படையும் பெருகும், கோயிலும் எழும். நிலத்தை அளந்தவனே நிலத்தை ஆண்டான். ஆதலின் அளவுக் கணக்கு நெடுங்காலம் அரசின் தனிச் செல்வமாகவே இருந்தது. அச்செல்வம் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

ஆங்கிலேயரும் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். இலங்கையின் கரையோரப் பகுதிகள் தம் வசமானதும், தேசாதிபதி நோர்த் 1800 ஆகஸ்ட் 2 ஆம் நாள் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, தென்னிந்தியாவில் பெரும் நிலப்பரப்புக் கும்பினியின் ஆணைக்குள் வந்திருந்தது. அந்நிலத்தைத் துல்லியமாக அளக்கவேண்டுமென முன்வந்தவர் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி.

1802 ஏப்ரில் 10 ஆம் நாள் சென்னைக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையின் அருகே அவர் தம் வேலையைத் தொடங்கினார். நூறடி நீளமான உருக்குச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை நிலத்தில் கிடத்தி, ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றை அளந்தார். இதற்கு 57 நாட்கள் சென்றன. வெயிலில் உருக்கு நீளுமாதலின், வெப்பத்தின் அளவையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்துணைப் பொறுமை ஏன் எனின், ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்றைய பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிப்படையாகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக ஒரு கண்டத்தையே பின்னிவிடலாம். முதற்கோடு பிழைத்தால் யாவும் பிழைக்கும்.

கோணங்களை அளக்க இங்கிலாந்திலிருந்து வரவழைத்த தியோடலைற்று என்னுங் கருவியின் நிறை அரைத் தொன். அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரான்சியர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். எனினும் அது அறிவியற் கருவியென்று கண்டு, மரியாதையுடன் அனுப்பிவைத்தனர். 1808 இல் உயர்ந்த மலைகளில்லாத தஞ்சைச் சமவெளியில், இராசராசன் எடுத்த பெருங்கோயிலின் விமானத்தின்மேல் அக்கருவியை ஏற்ற முயன்றபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. உலகளந்த கோலுக்குரிய மன்னனின் கோயிலிலேயே இது நிகழ்ந்தது. லாம்டன் மனந்தளராது, ஆறு வாரம் உழைத்துத் தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார்.

1823 இல் அவர் இறந்தபின் ஜோர்ஜ் எவரெஸ்ட் அவ்வேலையைத் தொடர்ந்து இமயத்தின் அடிவாரம்வரை கொண்டுசென்றார். அந்த முக்கோணங்களைக் கொண்டு இமயச் சிகரங்களின் உயரங்கள் கணிக்கப்பட்டன. பதினைந்தாம் சிகரமே யாவற்றினும் உயர்ந்தது என 1852 இல் கணக்கிட்டவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞர் என்பர். 1856 இல் வெளியிடப்பட்ட உயரம் 29,002 அடி. செய்மதிக் கருவிகளின் துணையோடு 2020 இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த உயரம் 8848.86 மீற்றர். இடைப்பட்ட வேறுபாடு ஏறக்குறைய 9 மீற்றரே. ஆயினும் சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், அக்கணக்கு முடிவதற்கு முன்பே ஓய்வுபெற்றுச் சென்ற எவரெஸ்டின் பெயராகும்.

ஆங்கிலேயர் கால்வைக்க இயலாத திபெத்து நாட்டை அளக்கவேண்டி வந்தபோது, அளவை முற்றிலும் மறைவான தொழிலாயிற்று. குமாவோன் மலைநாட்டைச் சேர்ந்த நயின் சிங் 1865 இல் புறப்பட்டு லாசா நகரை அடைந்தார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடி நடந்ததும் ஒரு மணி நகரும். குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மறைக்கப்பட்டன. ஒரு நாட்டின் வழியறியும் அறிவு எத்துணை மறைவாய்க் கொள்ளப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

1957 அக்டோபர் 4 ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. புகைவண்டி நெருங்கும்போது அதன் ஊதல் உச்சமாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை யாவரும் அறிவர். ஸ்புட்னிக் எழுப்பிய வானொலி ஒலியிலும் இம்மாற்றத்தைக் கண்ட இரு அமெரிக்க இளம் அறிஞர்கள், அதனைக் கொண்டே செய்மதியின் பாதையைக் கணித்தனர். பாதை தெரிந்தால், கேட்பவன் நிற்கும் இடத்தையும் அறியலாமன்றோ? இவ்வினாவிலிருந்தே நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழிகாட்டும் செய்மதிகள் தோன்றின. 1978 முதல் ஜீ.பி.எஸ். செய்மதிகள் ஏவப்பட்டன. அவற்றிலுள்ள அணுக் கடிகாரம் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால், நிலத்தில் ஓரடி பிழைக்கும்.

அதுவும் முதலில் படைக்கருவியே. 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள் வழிதவறிச் சோவியத்து வான்பரப்பினுட் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். அத்துயரின்பின், இம்முறை நிறைவுற்றதும் பொதுமக்கள் பயனுக்கும் உரியதாகும் எனச் சனாதிபதி றீகன் அறிவித்தார். அவ்வாறு வழங்கியபோதும், பொதுமக்கள் பெறும் அளவில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்படவே, நூறு மீற்றர்வரை இருந்த பிழை ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைந்தது.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1972 முதல் நிலத்தைப் படம்பிடித்துவரும் லான்ட்சாற் வரிசைச் செய்மதிகளின் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கலாயின. 2010 சனவரியில் எயிற்றி நாட்டை நிலநடுக்கம் அழித்தபோது, பல தேசத்துத் தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே செய்மதிப் படங்களைப் பார்த்து அந்நாட்டின் தெருப்படத்தை வரைந்தனர். மீட்பாளர் அதனைக் கொண்டு வழிகண்டனர். லாம்டன் சங்கிலி பிடித்த இந்தியாவிலும் 2021 பெப்ரவரியில், உள்நாட்டார் தேசப்படம் ஆக்குதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்த்தப்பட்டது.

இன்று இத்துறையாளர் கூடும் மாநாடுகளில் ஒளிக்கதிரால் அளக்கும் கருவிகளும், ஆளின்றிப் பறக்கும் விமானங்களும், படத்தைத் தாமே படித்துணரும் கணினிகளும் பேசப்படுகின்றன. வெள்ளம் எவ்விடம் ஏறும், பயிர் எவ்வயலில் வாடும் என்பவற்றை முன்கூட்டியே கூறும் ஆற்றல் இவற்றுக்குண்டு. அதே வேளையில், நிலத்தை அளந்த கருவி இன்று மனிதனையும் அளக்கின்றது. கைத்தொலைபேசி வைத்திருப்பவன் சென்ற வழியும் நின்ற இடமும் எங்கோ ஒரு கணக்கேட்டிற் பதிவாகின்றன. அவ்வேட்டை வைத்திருப்போர் சில நிறுவனங்களும் அரசுகளுமே. அன்று கோல் மன்னன் கையிலிருந்தது. அளக்கப்பட்ட குடியானவனுக்குத் தன் வயலின் கணக்கைக் கேட்க வழியிருந்ததா என்பதே அவனுக்குரிய நீதியாயிற்று. இன்றும் அளக்கப்படுபவன் அவ்வினாவையே கேட்கவேண்டியவனாக இருக்கின்றான்.