படுக்கையில் இருந்தபடி தினமும் எழுதியவர்: ராமானுஜனும் தாம்பரம் சானடோரியமும்

1/
குரோம்பேட்டையில் தாம்பரம் போகிற லோக்கல் ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் அந்த அறிவிப்பைக் கேட்கிறோம். சானடோரியம்னா என்ன, அதை இங்கே கட்டியது யார், அவர்கிட்ட இதுக்கு முன்னாடி வைத்தியம் பார்த்துக்கிட்ட ஒரு தமிழர் யார்னு கேட்டா பலருக்கும் தெரியாது. கொஞ்சம் நீளமான இழைதான். பொறுமையா படிங்க. நீண்ட நாள் நோயோடு இருக்கிறவங்களுக்கும் அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் இதில் விஷயம் இருக்கு.

2/
காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகத்துக்குச் சொன்னது 1882-இல். அதைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். நடுவில் 61 வருஷம். எதிரி யாருன்னு தெரியும், கையில் ஆயுதம் கிடையாது. அந்தக் காலத்தின் பதில்தான் சானடோரியம். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்த கட்டடம். வைத்தியம் மூணே மூணு: சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு.

3/
தாம்பரத்தில் அப்படி ஒன்றை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. ஆரம்பத்தில் 12 படுக்கைகள். 1937-இல் அன்றைய சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு பார்த்த இடமும் அதுதான். மற்ற இடங்களில் தொடவே பயந்த காலம் அது.

4/
தாம்பரத்துக்கு வருவதற்கு முன் சௌரி முத்து இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியில், மெண்டிப் ஹில்ஸ் என்ற சானடோரியத்தை நடத்தினார். அங்கே 1917-இல் வந்து சேர்ந்த ஒரு நோயாளியின் பெயர் சீனிவாச ராமானுஜன். ஆமாங்க, நம்ம கணித மேதை ராமானுஜன்தான். 1914-இல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் அவர் புறப்பட்டபோது அதே கப்பலில் பயணம் செய்தவர் இந்த டாக்டர். மூணு வருஷம் கழித்து ஒருவர் வைத்தியர், ஒருவர் நோயாளி.

5/
ராமானுஜனுக்கு உடம்பு கெட்டது 1917 வசந்த காலத்தில். முதலாம் உலகப்போர் நேரம். சுத்த சைவம், தானே சமைத்துக்கொள்பவர், வேண்டிய காய்கறிகூடச் சரியாகக் கிடைக்காத ஊர். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். பழைய அறுவை சிகிச்சை ஒன்றை வைத்து, புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்குமோ என்று சந்தேகப்பட்ட டாக்டரும் உண்டு. கடைசியில் பெரும்பாலானவர்கள் நின்றது காசநோயில். மெண்டிப் ஹில்ஸ், பிறகு டெர்பிஷயரில் மேட்லாக், பிறகு லண்டன் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்.

6/
திறந்த ஜன்னல் வைத்தியத்தை கும்பகோணத்து உடம்பு எப்படித் தாங்கும்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலாந்துக் குளிரில், கணப்பு இல்லாத அறை. குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பதாகவும் சில நேரம் சாப்பிடவே முடியவில்லை என்றும் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். அதே கடிதத்தில் இன்னொரு விஷயம் வருகிறது. இங்கே குளியலறைகள் மட்டும் கதகதப்பாக இருக்கின்றன, தினமும் ஒரு மணி நேரம் போல பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காரப் போகிறேன், சீக்கிரம் இரண்டு மூணு கட்டுரை அனுப்புகிறேன் என்கிறார்.

7/
இந்தத் திட்டத்தை ஒரு மருத்துவரா நான் ரொம்ப மதிக்கிறேன். 'உடம்பு சரியானதும் எழுதுறேன்'னு அவர் தள்ளிப் போடவில்லை. 'நாள் முழுக்க எழுதுறேன்'னு வீம்பும் பிடிக்கவில்லை. உடம்பு அனுமதிக்கிற இடம் எது, நேரம் எவ்வளவு என்று பார்த்து, அதுக்குள் வேலையை அடக்கினார். ஒரு இடம், ஒரு மணி நேரம், தினமும்.

8/
ஆனா இதை 'எழுத்து அவரைக் காப்பாற்றிவிட்டது' என்று இனிப்புக் கதையாக்கக் கூடாது. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விட முயன்றார். ஊழியர் ஒருவர் மின்சாரத்தை நிறுத்தியதால் பிழைத்தார். ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வானதும் அதே வருஷம்தான். உலகமே கொண்டாடும்போதும் உள்ளே ஒருத்தர் உடைந்துகொண்டிருக்கலாம். நீண்ட நாள் நோயும் மனச்சோர்வும் கைகோத்து வரும். நாட்குறிப்பு அதுக்கு மருந்து ஆகாது. மனசு ரொம்பக் கனத்தா டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்க. எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.

9/
1919 மார்ச்சில் ராமானுஜன் ஊர் திரும்பினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடியும் சென்னை. கடைசியாக இருந்தது சேத்துப்பட்டில். எலும்பும் தோலுமாக, காய்ச்சலும் வலியுமாகப் படுத்திருந்தவருக்குத் தலையணைகளை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். சிலேட்டில் கணக்குப் போட்டு, கிடைத்த விடையை மட்டும் தாளில் ஏற்றுவார். மனைவி ஜானகி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பார், கேட்கும்போது சிலேட்டை எடுத்துக் கொடுப்பார், எழுதி முடித்த தாள்களைப் பொறுக்கி ஒரு தோல்பெட்டியில் வைப்பார். அப்போ ஜானகிக்கு வயசு 21.

10/
1920 ஜனவரி 12-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் 'மாக் தீட்டா' சார்புகள் என்று புதிதாக ஒன்றை அறிவிக்கிறார். இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரைகூட ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார் என்று ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1920 ஏப்ரல் 26 அன்று ராமானுஜன் காலமானார். வயசு 32.

11/
அந்தத் தாள்கள் என்ன ஆச்சு? 1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருடைய காகிதங்களை ஹார்டிக்கு அனுப்பியது. அங்கிருந்து வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம் போனது. வாட்சன் 1965-இல் இறந்தபோது எரிக்கப்படவிருந்த காகிதக் குவியலிலிருந்து மீட்கப்பட்டு டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு வந்தது. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ஒரு பெட்டியில் அதைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். இன்றைக்குக் கருந்துளை பற்றி ஆராய்கிற இயற்பியலாளர்கள்கூட மாக் தீட்டாவைத் தொடுகிறார்கள்.

12/
இப்போ மருத்துவப் பக்கம் வருவோம். 1994-இல் டாக்டர் டி.ஏ.பி. யங் என்பவர் ராமானுஜனின் நோய்க்குறிப்புகளை எல்லாம் அலசி, அது காசநோயே இல்லை, அமீபாவால் கல்லீரலில் வந்த தொற்று என்று வாதிட்டார். இளவயதில் ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி வந்தது பதிவாகியிருக்கிறது. அமீபா பல வருஷம் உள்ளே பதுங்கியிருந்து கல்லீரலைத் தாக்கலாம். அதுக்கு எமிட்டின் ஊசி போடும் முறையை லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் 1912-லேயே காட்டியிருந்தார். அதாவது, யங் சொல்வது சரியென்றால், வைத்தியம் இருந்த நோய்.

13/
நூறு வருஷம் கழித்து இதை நிரூபிக்க முடியாது. அன்றைய டாக்டர்களைத் திட்டுவதும் நியாயம் இல்லை. ஸ்கேன் கிடையாது, இன்றைய ரத்தப் பரிசோதனைகள் கிடையாது. ஆனா ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகலை. அந்த நூற்றுச் சொச்சம் பக்கமும் கணக்கு. எப்போ காய்ச்சல் ஏறியது, எங்கே வலித்தது, பத்து வருஷம் முன்பு வந்த சீதபேதி எப்படி இருந்தது என்பதெல்லாம் டாக்டர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஊர் மாறினார், டாக்டர் மாறினார். ஒவ்வொருவரும் கதையை நடுவிலிருந்து கேட்டார்கள்.

14/
இன்றைக்கும் இதே கதைதான் நடக்குது. நோயாளி நாலு டாக்டரைப் பார்த்திருப்பார். 'எப்போதிலிருந்து காய்ச்சல்?'னு கேட்டா 'ரொம்ப நாளா சார்'. 'என்ன மாத்திரை?'ன்னா 'வெள்ளையா இருக்கும்'. அதனால நீண்ட நாள் நோய் உள்ள எல்லாருக்கும் நான் சொல்வது ரெண்டு நோட்டு.

15/
முதல் நோட்டு உடம்புக்கு. தேதி, காய்ச்சல் அளவு, எடை, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, தூக்கம், வலி எங்கே. தினமும் நாலு வரி போதும். பழைய நோய், பழைய ஆபரேஷன், ஒத்துக்காத மருந்து, இதெல்லாம் முதல் பக்கத்தில். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப் போங்க. பல நேரம் அந்த நாலு வரி ஒரு டெஸ்டை மிச்சப்படுத்தும்.

16/
ரெண்டாவது நோட்டு உங்களுக்கு. கதை, கவிதை, கணக்கு, ஊர் நினைவு, மனசுல உள்ளது, எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். இதுக்கு ஆய்வு ஆதாரம் இருக்கான்னு கேட்பீங்க. 1986-இல் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வகை ஆய்வைத் தொடங்கினார். 1999-இல் ஸ்மித் என்பவரின் குழு ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ள 112 பேரை வைத்து ஆய்வு செய்தது. ஒரு பிரிவினர் வாழ்க்கையின் மிக வேதனையான அனுபவத்தை மூணு நாள், நாளுக்கு 20 நிமிஷம் எழுதினார்கள். நாலு மாசம் கழித்துப் பார்த்தபோது எழுதியவர்களில் 47% பேருக்கு நல்ல முன்னேற்றம். சாதாரண விஷயம் எழுதிய மற்ற பிரிவில் 24%.

17/
இதைக் கேட்டு இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அவங்க எல்லாரும் வழக்கமான மருந்தோடுதான் எழுதினாங்க. பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா பலன் சின்னது, எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. பழைய காயத்தைக் கிளறி எழுதி மனசு மேலும் கெட்டா நிறுத்திடுங்க. அதை ஒரு மனநல ஆலோசகர் துணையோடு செய்வதுதான் நல்லது.

18/
'ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டு எழுதவும் சொல்றீங்களே?' நியாயமான கேள்வி. இதுக்கும் சென்னையே பதில் சொல்லியிருக்கு. 1956-இல் சேத்துப்பட்டில், ராமானுஜன் இறந்த அதே பகுதியில், காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, செவிலியர். மற்றவர்களுக்கு நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே சிகிச்சை. ரெண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

19/
அதாவது, குணமாக்கியது மருந்து. காற்றும் சாப்பாடும் ஓய்வும் துணை. எழுத்தும் அப்படி ஒரு துணைதான். நோயாளி ஆனதும் நம்ம வாழ்க்கை முழுக்க மாத்திரை, டெஸ்ட், பில்லுன்னு ஆகிடும். ஒரு நாளில் பதினைந்து நிமிஷமாவது 'நான் நோயாளி மட்டும் இல்லை'ன்னு உணர ஒரு இடம் வேணும். ராமானுஜனுக்கு அது வெதுவெதுப்பான குளியலறை.

20/
நடைமுறைக்குச் சில வழிகள்:
• உடம்பு நல்லா இருக்கிற நேரம் எதுன்னு ஒரு வாரம் கவனிங்க. எழுத்துக்கு அந்த நேரம்.
• பதினைந்து நிமிஷத்தில் ஆரம்பிங்க. களைப்பு வருவதற்கு முன் நிறுத்துங்க.
• காய்ச்சல் நாள், கீமோ நாள், டயாலிசிஸ் நாள்: தேதியும் ஒரு வரியும் போதும். விட்டுப்போச்சேன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம்.
• கை நடுங்கினா போனில் பேசிப் பதிவு பண்ணுங்க.
• தூக்கத்தைக் கெடுத்து எழுதாதீங்க.

21/
வீட்டில் பார்த்துக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தோல்பெட்டி இல்லைன்னா ராமானுஜனின் கடைசி வருஷம் நமக்கு இல்லை. ஜானகிக்கு அந்தக் கணக்கு புரிந்திருக்கணும்னு அவசியம் இல்லை. தாள் பத்திரமா இருக்கணும்னு நினைத்தார், அவ்வளவுதான். அவர் 1994 வரை வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை பார்த்துப் பிழைத்தார். உங்க வீட்டு நோயாளி எதையாவது எழுதினா 'இப்போ இது எதுக்கு'ன்னு கேட்காதீங்க. நோட்டும் பேனாவும் கைக்கு எட்டுற இடத்தில் வைங்க.

22/
கடைசியா, இருமல் 2 வாரத்துக்கு மேல் இருந்தா சளிப் பரிசோதனை செய்யுங்க. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் பெரும்பாலும் 6 மாசச் சிகிச்சையில் குணமாகும். ராமானுஜனுக்குக் கிடைக்காத மருந்து நம்ம பக்கத்துத் தெருவில் கிடைக்குது. அதை நடுவில் நிறுத்தாம சாப்பிடுங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டில் தேதி போட்டு, போட்டுக்கிட்ட மாத்திரையை எழுதுங்க. அதுக்குக் கீழே உங்களுக்காக ஒரு வரி எழுதுங்க.