ஷாம்பு என்றால் அமுக்கு!

வடக்கே வந்து குடியேறிய நம்மவர்கள் நாலு பேர் கூடினால் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு: "பொண்ணு ஸ்விம்மிங் போனா, முடி கொட்டுதுன்னு நிறுத்திட்டோம் சார்." முடியா உடற்பயிற்சியா என்று வந்தால் முடிதான் ஜெயிக்கிறது. நஷ்டம் பெரும்பாலும் பெண் குழந்தைகளின் விளையாட்டுக்கு. இந்த இரண்டுக்கும் எப்போது சண்டை வந்தது? பழைய பேரேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

சுமார் 7-ஆம் நூற்றாண்டில் வாக்பட்டர் எழுதிய அஷ்டாங்க ஹ்ருதயத்தில் அன்றாட ஒழுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் வரிசை இதுதான்: முதலில் எண்ணெய், குறிப்பாகத் தலை, காது, பாதத்துக்கு. பிறகு உடற்பயிற்சி, அதுவும் பாதி பலத்துக்கு மட்டும். அப்புறம் பொடி தேய்த்துக் குளியல். கூடவே ஒரு நிபந்தனை: வெந்நீர் உடம்புக்கு நல்லது, தலைக்கு ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் பலக்குறைவு. அதாவது எண்ணெய், வியர்வை, குளியல் மூன்றும் ஒரே கணக்கில் இருந்தன. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் தந்த மானசோல்லாசத்திலும் எண்ணெய்க் குளியலும் உண்டு, மல்யுத்தமும் உண்டு.

இப்போது ஷாம்புவுக்கு வருவோம். 'சாம்ப்னா' என்ற ஹிந்திச் சொல்லுக்கு அமுக்குவது, பிசைவது என்று பொருள். இங்கே தெருவோரத்தில் 'சம்பி' செய்கிறார்களே, அதே குடும்பம்தான். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோதும் ஷாம்பு என்றால் உடம்பு பிடித்து விடுவதுதான்.

அதைப் பிரபலமாக்கியவர் 1759-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். இரண்டே வருடத்தில் திவால். (வங்கிக்காரனுக்கு இந்த வரி மட்டும் சட்டென்று கண்ணில் படும்!) ஆனால் மனுஷர் அசரவில்லை. பிரைட்டன் கடற்கரை ஊருக்குப் போய், மூலிகை நீராவியும் உடம்புபிடிப்பும் சேர்ந்த குளியல் நிலையம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பு சர்ஜன்' ஆனார்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தச் சொல் தலைமுடி கழுவுவதைக் குறிக்கத் தொடங்கியது. 1934-இல் அமெரிக்காவில் 'டிரீன்' என்ற செயற்கை டிடர்ஜென்ட் ஷாம்பு வந்தது. நம் பக்கம் கடலூர்க்காரர்கள் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார்கள். 1983-இல் தொடங்கிய சிக் கம்பெனி பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. சீயக்காய் டப்பா பரண் ஏறியது. அமுக்குவது போய், கழுவுவது மட்டும் மிஞ்சியது.

சரி, நமக்கு என்ன லாபம்? வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அதனால் மட்டும் முடி வேரோடு கொட்டாது; ஆனால் அப்படியே காயவிட்டால் அரிப்பும் பொடுகும் வரலாம். பயிற்சி முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசி, விரல் நுனியால் தலையை மெல்லப் பிடித்து விட்டால் போதும். பலருக்கு ஷாம்பு வாரம் இரண்டு மூன்று முறை போதும். எண்ணெயைக் குளிப்பதற்கு அரை மணி முன்னால் வையுங்கள். பொடுகு இருந்தால் ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள். நீச்சலுக்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துத் தொப்பி போட்டால், முடி குளோரின் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. இறுக்கி இழுத்துக் கட்டும் குதிரைவால், நாளடைவில் நெற்றியோர முடியைத் தின்றுவிடும், தளர்த்திக் கட்டுங்கள்.

இன்னொன்று. ஜிம்மில் சேர்ந்த கையோடு சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும். பழி டம்பெல்ஸ் மேல் விழுகிறது. காரணம் தட்டில் இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைவையும் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள்.

வாக்பட்டர் இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் வைத்தார். நாமும் வைக்கலாம். நிறுத்திய ஸ்விம்மிங்கை இந்த லீவிலேயே குழந்தைக்குத் திரும்ப ஆரம்பித்துக் கொடுங்கள்.